சமையல் கொட்டகையில் எம்.பி.

கடிதத்தை முதலில் பார்த்தது அலுவலகத்துப் பெண்தான். உறையைப் பிரித்தாள், படித்தாள், ‘வரப்பெற்றது’ என்று முத்திரை குத்தி எண் போட்டாள். கிழக்குத் தெரு ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் ஓடவில்லை என்ற புகாருக்கும், ஆரம்பப் பள்ளியின் கூரை பறந்துவிட்டது என்ற புகாருக்கும் நடுவில் கோப்பில் சேர்த்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எம்.பி. அலுவலகத்துக்கு வருகிற எல்லோரும் ஏதாவது வேண்டும் என்றுதான் எழுதுவார்கள். இந்தக் கடிதத்தை எழுதியவர்களுக்கு வேண்டியிருந்தது எங்கள் வீட்டுப் பெண் போனோலோ.

மாப்பிள்ளை வீட்டார் தலைநகர் காபரோனேக்காரர்கள். பெண் கேட்கும் கடிதம் தாய்மாமன் கைக்குப் போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. பெண்ணின் அம்மா எம்.பி. என்றதும் மரியாதை கொஞ்சம் கூடிப்போய், அவள் முகவரிக்கே அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் பதில் இல்லை. கடைசியில் ஒரு சாவு வீட்டில் மாப்பிள்ளையின் சித்தப்பா, எங்கள் லெபாங்கைப் பார்த்து, “எங்க கடுதாசிக்கு ஒண்ணும் சொல்லலையே” என்று கேட்கப்போய் விஷயம் வெளியே வந்தது. லெபாங்தான் அந்தத் தாய்மாமன்.

திங்கட்கிழமை காலையில் அவர் வந்தார். நான் போனோலோவின் அம்மாவான என் அண்ணியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தேர்தல் துண்டறிக்கைகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதுமே ஓர் இடத்தில் உட்கார வராது. அன்று இன்னும் மோசம். அடுத்த வாரம் புதன்கிழமை தேர்தல். செகமெட்சி என்ற அவள் பெயர் மூன்றாவது முறையாக எம்.பி. வாக்குச்சீட்டில் ஏறுகிறது.

லெபாங், அலுவலகத்திலிருந்து வாங்கி வந்த கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

“இது என்னம்மா?”

“கடுதாசி, அண்ணா.”

“பொண்ணு கேக்குற கடுதாசி. இதுக்கு சீல் குத்தி நம்பர் போட்டிருக்கு. நானூத்திப் பன்னெண்டு. என் மருமக உங்க ஆபீசுக்கு நானூத்திப் பன்னெண்டாவது புகாரா?”

“அது அந்தப் பொண்ணு தெரியாம…”

“பதில் எப்ப வரும்? பதினாலு வேலை நாளுக்குள்ளயா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீ சிரிக்காத டீச்சர். உன் அண்ணன் காலாகாலத்துல மாடு ஓட்டிட்டு வந்திருந்தா இந்த வீட்டுக்கு எந்தக் கடுதாசி எங்க வரணும்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கும்.”

சொல்லிவிட்டுத் தீர்ப்பையும் சொன்னார். சனிக்கிழமை விடியும்போது மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். அவர் வீட்டுக்குத்தான் வர வேண்டும். எல்லாம் முறைப்படி நடக்கும். உள்முற்றத்தில் சால்வை போட்ட பெண்கள் மட்டும் உட்காருவார்கள். போனோலோவுக்கு அம்மா ஸ்தானத்தில் அவர் மனைவி செலினா.

“நான்?” என்றாள் அண்ணி.

“நீ எங்க இருப்பன்னு உனக்கே தெரியும்.”

தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நீலக் கட்டம் போட்ட அந்தக் கனத்த சால்வையைக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தோளில் போட வேண்டுமானால் பரிச மாடு அவளுடைய பிறந்த வீட்டுப் பட்டிக்குள் நுழைந்திருக்க வேண்டும். எனக்கு நுழைந்தது. அண்ணிக்கு நுழையவில்லை. என் அண்ணன் ஒட்சிலேயும் அவளும் இருபத்தைந்து வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். போனோலோவுக்குப் பிறகு ஒரு பையனும் பிறந்து கல்லூரிக்குப் போய்விட்டான். ஆனால் முறைப்படி பார்த்தால் என் அண்ணன் போனோலோவுக்கு அப்பா இல்லை, நான் அத்தை இல்லை, ஐம்பத்தொரு வயது எம்.பி. இன்னும் கல்யாணமாகாத ஒரு பெண். கல்யாணமாகாத பெண்களின் இடம் சமையல் கொட்டகை.

இத்தனைக்கும் அண்ணன் மாடு கொடுக்கத் தயாராகத்தான் இருந்தான். அண்ணி அப்போது தையல் சங்கம் நடத்திக்கொண்டிருந்தாள். இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு அவளும் அவள் தோழி ஒருத்தியும் வங்கிக்குப் போனார்கள். தோழி கல்யாணமானவள். சட்டப்படி கணவன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்றார்கள். கணவன் எல்லைக்கு அந்தப் பக்கம் சுரங்கத்தில் இருந்தான். எட்டு மாதம் காத்திருந்தாள் அந்தத் தோழி. அண்ணிக்கு முறைப்படி கணவன் இல்லை என்பதால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டு இயந்திரத்தோடு வந்தாள். வந்தவள் என் அண்ணனிடம், “இந்தச் சட்டம் இருக்கற வரைக்கும் மாடு ஓட்டிட்டு வராத” என்று சொன்னாள். அவன் சரி என்றான். பம்பு ரிப்பேர் செய்பவன். எதற்கும் காத்திருக்கத் தெரிந்தவன்.

அந்தச் சட்டத்துக்காகத்தான் அவள் அரசியலுக்கு வந்தாள். கவுன்சிலராகி, ஊர் ஊராக மனுவுக்குக் கையெழுத்து வாங்கி, எம்.பி. தேர்தலில் ஒரு முறை தோற்று, அப்புறம் ஜெயித்து. நடுவில் சட்டமும் மாறிவிட்டது. ஆனால் அதற்குள் மேடைக்கு மேடை அவள் சொன்ன “என் கையெழுத்து என்னோடது” என்ற வார்த்தை அவளுக்குப் பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. தொகுதியில் பாதிப் பெண்களுக்கு மேல் சால்வை இல்லாதவர்கள். பிள்ளை பெற்றவர்கள், வீடு கட்டியவர்கள், எந்தக் கல்யாண வீட்டிலும் பானையைக் கிளறுகிறவர்கள். அவர்கள்தான் அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள், நம்மில் ஒருத்தி என்று. அதனால் அவள் மாட்டுப் பேச்சை எடுக்கவில்லை. அவள் எடுக்காததால் அவனும் எடுக்கவில்லை. வருடங்கள் போய்விட்டன.

செவ்வாய்க்கிழமை போனோலோ ஆஸ்பத்திரி வேலை முடிந்து சீருடையோடு வந்தாள்.

“நீங்க உள்ள இருக்கணும்மா.”

“தேர்தலுக்கு நாலு நாள் முன்னாடி மாட்டை வாங்கிக்கிட்டு உள்ள போய் உக்காந்தா, ஓட்டுக்காகக் கட்டிக்கிட்டான்னு சொல்லுவாங்க.”

“உக்காரலைன்னா?”

“நான் சொன்ன சொல்லு நிக்கும்.”

“சொல்லு நிக்கும். நீங்க பானைகிட்ட நிப்பீங்க. என்னைக் கேட்டு வந்தவங்களுக்கு டீ ஊத்துவீங்க. அவங்க கப்பை வாங்கிட்டு உங்க முகத்தைக்கூடப் பாக்க மாட்டாங்க.” அவள் குரல் உடையவில்லை. நர்சுகளுக்கு அது பழக்கம். “ஊர்ல எல்லாப் பொண்ணுக்காகவும் பேசறீங்க. எனக்காக ஒரு நாள் உக்கார முடியாதா?”

“தள்ளி வைக்கச் சொல்லட்டுமா?”

“குட்லோவுக்கு லீவு ஞாயித்துக்கிழமையோட முடியுது” என்றாள். குட்லோதான் மாப்பிள்ளை. “அப்புறம் சுரங்கத்துக்குப் போனா எப்ப விடுவாங்களோ. அதோட லெபாங் மாமா இப்பவே கொதிச்சுக்கிட்டு இருக்கார். இதையும் தள்ளினா அவங்களை வாசல்லயே நிக்க விட மாட்டார்.”

அண்ணி கதவுவரை போனாள், திரும்பினாள், தண்ணீர் ஊற்றினாள், குடிக்கவில்லை. போனோலோ கிளம்பிப் போன பிறகும் அந்தத் தம்ளர் அப்படியே இருந்தது.

வியாழக்கிழமை திடலில் கூட்டம். மழைக்கு முந்தைய அக்டோபர் வெயில், தகரத்தில் வறுத்த மாதிரி. அண்ணி பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரணியின் ஒலிபெருக்கி வண்டி சாலையில் மெதுவாக ஊர்ந்தது.

“ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிக் குடுக்கற அம்மா, சனிக்கிழமை சொந்தப் பொண்ணு விசேஷத்துல பாத்திரம் கழுவப் போறாங்களாம். கை வலிக்காம இருக்க வாழ்த்துறோம்.”

எங்கள் கூட்டத்திலேயே சிலர் சிரித்தார்கள். அண்ணி, “நல்லாவே கழுவுவேன், உங்க வேட்பாளரோட தட்டையும் அனுப்பி வைங்க” என்று மைக்கில் சொன்னாள். கைதட்டல் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் பேச்சு தடத்தில் நிற்கவில்லை. ரோட்டில் ஆரம்பித்து ரேஷனுக்குப் போய், மறுபடி ரோட்டுக்கே வந்தாள்.

முடிந்ததும் டார்கஸ் வந்தாள். தையல் சங்கத்து ஆள், முதல் தேர்தலிலிருந்து எங்களோடு இருப்பவள், எந்த விசேஷத்திலும் பெரிய பானை அவள் பொறுப்புதான்.

“என்ன செகமெட்சி, மாடு வருதாமே?”

“யாரு சொன்னா?”

“ஒட்சிலே லாரி கேட்டிருக்கான். எங்க தெருக்காரனோட லாரி. உனக்குத் தெரியாதா?”

அண்ணி என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியாது.

“வாங்கிக்கோ, யாரு வேணாங்கறா,” என்றாள் டார்கஸ். “எனக்கு எவனாவது மாடு ஓட்டிட்டு வந்தா, திரும்பிப் போயிடக் கூடாதேன்னு நான் வாசல்லயே குறுக்க படுத்துக்குவேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டார்கஸ் சிரிக்கவில்லை.

“ஆனா ஒண்ணு. சனிக்கிழமை நீ அந்தப் பக்கம் உக்காந்துட்டாலும் புதன்கிழமை உனக்குத்தான் ஓட்டு. போடாம எங்க போறோம். ஆனா பானையைச் சுத்தி நின்னு பேசறப்ப உன்னைப் பத்தி வேற மாதிரி பேசுவோம். அவ்வளவுதான்.”

அன்று வண்டியில் திரும்பும்போது அண்ணி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள், ஏற்றினாள்.

வெள்ளிக்கிழமை மதியம் லெபாங் வீட்டுத் திருப்பத்தில் அந்த லாரியைப் பார்த்தோம். முள்மரத்தடியில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தான் என் அண்ணன். பின்னால் மாடுகள் நெருக்கிக்கொண்டு நின்றன. எங்கள் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர் மேலே உட்கார்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார்கள்.

“குறுக்க நிறுத்து” என்றாள் அண்ணி. நிறுத்தினேன்.

“எங்க போற?” என்றாள் இறங்கி.

“உன் அண்ணன் பட்டிக்கு. மாடு காலைலேர்ந்து நிக்குது. சீக்கிரம் சொல்லு.”

“என்னைக் கேட்டியா?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவ.”

“இருபத்தஞ்சு வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டியா?”

“நீதான ஓட்டிட்டு வராதன்னு சொன்ன.”

“ஓட்டிட்டு வராதன்னு சொன்னேன். கேக்காதன்னு சொன்னேனா?”

அண்ணன் தொப்பியைக் கழற்றினான். மேலே ஆரஞ்சு தின்பது நின்றுவிட்டது. நான் கீழே இறங்கி எங்கள் வண்டியின் டயரைப் பார்ப்பது போல் நின்றுகொண்டேன். காதை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

“நான் நெனச்சேன்,” என்றான் அவன் மெதுவாக. “போனோலோ என்கிட்ட வந்து அழுதா. மாடு உள்ள போயிட்டா நீ உள்ள போயிடலாம். நான் அப்பான்னு நிக்கலாம். ஒரு காலைல எல்லாம் சரியாயிடும்னு.”

“எல்லாருக்கும் சரியாயிடும். நான் என்ன சொல்றேன்னு மட்டும் யாருக்கும் வேணாம். என் அண்ணன் தீர்ப்பு சொல்றாரு, பொண்ணு அழறா, நீ லாரி பிடிக்கற.”

“சரி, இப்ப கேக்கறேன்.” எண்ணெய்க் கறை படிந்த கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். “போனோலோ அம்மா, என்னைக் கட்டிக்கிறியா?”

ஒரு மாடு பெரிதாகக் கத்தியது. அண்ணி அது முடியும்வரை காத்திருந்தாள். அவள் முகம் போன போக்கை நான் முன்பு பார்த்ததில்லை. எம்.பி.யாக ஜெயித்த செய்தி வந்தபோதுகூட.

“கட்டிக்கறேன். நாளைக்கு இல்ல. ஓட்டுப் பெட்டி மூடினதுக்கப்புறம். எதுக்காகக் கட்டிக்கிட்டான்னு அப்ப யாரும் கேக்க முடியாது.”

“நாளைக்கு?”

“நாளைக்கு நான் டார்கஸ்கூட நிக்கறேன்.”

“போனோலோகிட்ட யாரு சொல்றது?”

அவள் வண்டியில் ஏறினாள். “ஓட்டு, கொமோட்சோ,” என்றாள் என்னிடம். ஒட்சிலே லாரியைத் திருப்பினான். மாடுகள் வந்த வழியே மேய்ச்சல் நிலத்துக்குப் போயின. போனோலோவிடம் அண்ணியேதான் போய்ச் சொன்னாள். அந்தப் பெண் கேட்டுவிட்டுச் சீருடையைத் தேய்க்கப் போய்விட்டாளாம். “கத்தியிருந்தா பரவாயில்ல” என்றாள் அண்ணி.

சனிக்கிழமை வானம் சாம்பல் நிறத்தில் இருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாக, தலை குனிந்து, சால்வை மார்பில் ஊக்கு குத்தி வந்தார்கள். உள்முற்றத்தில் பாய் விரித்து எங்கள் பக்கத்துப் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் பட்டி ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். போனோலோவை உள்ளறையில் போர்வைக்குள் வைத்திருந்தார்கள். கொட்டகையில் மூன்று கால் இரும்புப் பானைகள் ஐந்து. அண்ணி தலையில் துணி கட்டி, இறைச்சிப் பானைக்கு எதிரே கிளறுகிற மரக்கட்டையோடு நின்றாள். யாரோ ஒருத்தி அவளைப் போனில் படம் எடுக்கப் பார்த்தாள். டார்கஸ் அவள் கையில் வெங்காயத்தைக் கொடுத்துவிட்டாள்.

செலினா என்னைக் கூப்பிட்டாள். “டீச்சர், வந்து உக்காருங்க. அத்தை முறை இல்லாட்டியும் சால்வை இருக்கே.”

நான் எழுந்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, சால்வையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

“நெருப்புக்கிட்ட வைக்காத, கம்பளி” என்றாள் அண்ணி. வேறொன்றும் சொல்லவில்லை.

நாணல் தட்டிக்கு அந்தப் பக்கம் பேசுவது நன்றாகக் கேட்டது. மாப்பிள்ளையின் பெரியம்மா, தண்ணீர் மொள்ள ஒரு சுரைக்குடுக்கை தேடி வந்திருக்கிறோம் என்றாள். எங்கள் பெண்கள், இந்த வீட்டில் குடுக்கைகள் நிறைய, எது என்றார்கள். போனோலோவின் பெயரைச் சொன்னார்கள். அண்ணி கிளறுவதை நிறுத்தினாள், மறுபடி கிளறினாள், அந்தப் பானையை விட்டு அடுத்ததற்குப் போனாள்.

“அடிபிடிச்சுரும், இங்க வா” என்றாள் டார்கஸ்.

இனி பெண் வீட்டுப் பெண்கள் எழுந்து தனியே போய்க் கலந்து பேசிவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டும். வழக்கமாக வீட்டின் பின்பக்கம் போவார்கள். செலினா எழுந்தாள். அதிகம் பேசாத மனுஷி, முப்பது வருடமாக லெபாங்கின் பேச்சையே கேட்டுக்கொண்டிருப்பவள். அவள் பின்பக்கம் போகவில்லை. நேராகக் கொட்டகையைப் பார்த்து நடந்தாள். பதினோரு சால்வைகள் அவள் பின்னால் வந்தன.

பட்டி ஓரத்திலிருந்து லெபாங் எழுந்துவிட்டார். “எங்க போறீங்க?”

“கலந்து பேச.”

“வீட்டுக்குப் பின்னாடி போங்க.”

“அங்க வெயில் வந்துருச்சு.”

சூரியன் இன்னும் எழவே இல்லை.

“செலினா, முறைன்னு ஒண்ணு…”

“எங்க நின்னு கலந்து பேசணும்னு முறை இருக்கா? இருந்தா சொல்லுங்க, போறோம்.”

லெபாங் வாயைத் திறந்தார். பக்கத்துப் பெரியவரைப் பார்த்தார். அந்தப் பெரியவர் யோசித்து, உதட்டைப் பிதுக்கினார். லெபாங் உட்கார்ந்தார்.

கொட்டகை நிறைந்துவிட்டது. சால்வைக்காரிகள் பானைகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு நின்றார்கள். “பொறி பறக்குது, பாத்து நில்லுங்க. எரிஞ்சா எங்களால வாங்கித் தர முடியாது” என்றாள் டார்கஸ்.

“போனோலோ அம்மா,” என்றாள் செலினா, “என்ன சொல்லட்டும்?”

பாராளுமன்றத்தில் கேள்வி முடியுமுன்னே எழுந்து நிற்கிறவள் என் அண்ணி. இப்போது ஓரடி எடுத்து வைத்தாள். நடக்க இடமில்லை. முன்னால் பானை, இரண்டு பக்கமும் பெண்கள். அந்த வாரம் முழுக்க நடந்தே தீர்த்தவள் அப்படியே நின்றாள்.

“பையனோட அம்மா வந்திருக்காங்களா?” என்றாள் கடைசியில். “எப்படி இருக்காங்க?”

“முட்டி வலி போல. உக்காரும்போது முகத்தைச் சுளிச்சாங்க.”

“அடியில ஏதாவது மடிச்சுப் போடுங்க.” கட்டையைப் பானை விளிம்பில் வைத்தாள். “குடுக்கறோம்னு சொல்லுங்க. அவ வேலைக்குப் போறதை மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது. அதை நான் சொன்னதாச் சொல்ல வேணாம், மேடைப் பேச்சுன்னு நெனச்சுக்குவாங்க. நீங்க எல்லாரும் சொன்னதாச் சொல்லுங்க.”

“எங்களையும் சேத்துச் சொல்லுங்க,” என்றாள் டார்கஸ்.

செலினா தலையசைத்தாள். போகும்போது என் கையிலிருந்த சால்வையை வாங்கிக்கொண்டு போனாள். பையனின் அம்மாவுக்கு அடியில் போட என்று அப்புறம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்முற்றத்தில் குலவை எழுந்தது. கொட்டகைப் பெண்களும் குலவையிட்டார்கள். அண்ணியால் முடியவில்லை. தலைத்துணியின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். “புகை” என்றாள். ஏன் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. எதிரே உள்ளறை ஜன்னலில் திரையை ஒரு கை விலக்கிப் பிடித்திருந்தது. வெகு நேரம் அது அப்படியே இருந்தது.

ஒட்சிலே ஆண்களோடு உட்கார முடியாதவன். வெளியே சாலையோரத்தில் காலி லாரியின் பின்பலகையை இறக்கி, அதில் உட்கார்ந்திருந்தான். அண்ணி ஒரு தட்டில் இடித்த இறைச்சியும் சோளக் களியும் எடுத்துக்கொண்டு போனாள். நான் தண்ணீரோடு பின்னால் போனேன். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

“ஆச்சா?” என்றான்.

“ஆச்சு. ஒத்துக்கிட்டோம்.”

“மாட்டு வாடை அடிக்குது, இல்ல? கழுவ நேரமில்ல.”

“நேத்து பூரா என் மூக்குல அதான்.”

அவன் நிதானமாக மென்றான். “பெட்டி மூடினப்புறம்னு சொன்னியே. எப்பன்னு சரியாச் சொல்லு. சித்தப்பா பசங்களுக்கு சொல்லணும்.”

அவள் விரலை மடக்கினாள். “தோத்துட்டா மறுநாளே. எனக்கு என்ன வேலை. ஜெயிச்சா பதவிப் பிரமாணம், அவை கூடும், அப்புறம் பட்ஜெட். பிப்ரவரி தாண்டிரும்.”

அவன் களியைக் கையில் உருட்டிக்கொண்டே அதை யோசித்தான்.

“அப்ப புதன்கிழமை நான் யாருக்குப் போடறது?”

எனக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது. அண்ணி அவனை ஒரு நிமிடம் பார்த்தாள், கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவன் கையிலிருந்த உருண்டையை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“ரகசிய வாக்குரிமை. என்கிட்ட வந்து சொல்லாத,” என்றாள். பலகையிலிருந்து குதித்தாள். “கொமோட்சோ, சாவி எங்க? பத்து மணிக்குக் கிழக்குத் தெருவுல கூட்டம். இன்னும் அந்தக் கிணத்து மோட்டாரை யாரும் பாக்கலையாம்.”

“நான் பாக்கறேன்” என்றான் அண்ணன், தட்டை வழித்தபடி.